பழைய பேப்பரில் ஒரு வாழ்நாள் ஆராய என்ன இருக்கிறது? லெனர்ட் லெவியின் கதை

கேள்வி இது: "வரலாறு முதுகலை படிக்கிறேன். அமெரிக்கச் சமூகத்தில் பத்திரிகைகளுக்கு இருந்த இடத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட பேராசிரியர்கள் இருக்கிறார்களாம். முப்பது நாற்பது வருஷம் ஆராய அதில் என்ன இருக்கிறது? அப்படி ஒருவருடைய வேலை எப்படித்தான் நடக்கும்?"

பொதுவாகச் சொன்னால் பல்கலைக்கழக விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். லெனர்ட் லெவி. கறாராகப் பார்த்தால் அவர் பத்திரிகை வரலாற்றாசிரியர் என்ற பலகையை மாட்டிக்கொண்டவர் அல்ல. அரசியல் சட்ட வரலாற்றுக்காரர். ஆனால் அமெரிக்கப் பத்திரிகைச் சுதந்திரம் எப்போது, எப்படிப் பிறந்தது என்ற கேள்வியை அவரைப் போலக் கிளறிவிட்டவர்கள் குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் துறையில் ஒருவர் எங்கே சறுக்கலாம் என்பதையும் அவர் வாழ்க்கையிலிருந்தே கற்கலாம். அதை எடுத்துச் சொன்னவரும் அவரேதான்.

1923-ல் கனடாவின் டொராண்டோவில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் ராணுவச் சேவை முடித்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்டீல் காமஜரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது பத்திரிகை அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத் தலைமை நீதிபதியாக இருந்த லெமுவல் ஷா. 1951-ல் பட்டம். அதே ஆண்டு, பாஸ்டனுக்குப் பக்கத்தில் வால்தம் ஊரில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் வேலை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கே அப்போது மூன்று வயதுதான். அங்கே பத்தொன்பது ஆண்டு இருந்து, டீன் வரை போனார்.

சட்டத் தீர்ப்புகளைப் படித்துப் பழகிய கண், பத்திரிகைப் பக்கம் திரும்பியது ஒரு வெளி வேலையால். ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கிய 'ஃபண்ட் ஃபார் தி ரிபப்ளிக்' என்ற அமைப்பு, 1950-களில் குடிமை உரிமைகளுக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து ஆட்களைத் துரத்திய மெக்கார்த்தி காலத்துப் பயம் இன்னும் தணியவில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு ஆரம்பத்தில் என்ன அர்த்தம் இருந்தது என்று ஓர் அறிக்கை எழுதித் தரும்படி அந்த அமைப்பு லெவியைக் கேட்டது. 1791-ல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம், பேச்சு மற்றும் பத்திரிகைச் சுதந்திரத்தைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றக்கூடாது என்கிறது. 'எந்தச் சட்டமும்' என்றால் எதுவுமே கூடாது என்றுதானே அர்த்தம்? கேட்டவர்கள் எதிர்பார்த்த பதில் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அன்றைக்குப் பாடப்புத்தகக் கதையும் அதுதான். 1735-ல் நியூயார்க்கில் ஜான் பீட்டர் செங்கர் என்ற அச்சகர் மீது வழக்கு. ஆளுநர் வில்லியம் காஸ்பியைத் தாக்கி எழுதியதை அச்சிட்டார் என்று எட்டு மாதத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹாமில்டன், எழுதியது உண்மை என்றால் குற்றம் எப்படி ஆகும் என்று வாதாடினார். ஜூரி விடுதலை செய்தது. அன்றோடு பத்திரிகை விடுதலை பெற்றது, பிறகு அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் அதற்கு முத்திரை வைத்தார்கள் என்பது கதை. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் செக்கரையா சேஃபி இதைச் சொல்லியிருந்தார். நீதிபதி ஹோம்ஸும் 1919-ல் ஒரு வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில், ராஜநிந்தனைச் சட்டத்தை முதல் திருத்தம் உயிரோடு விட்டுவைத்தது என்ற வாதத்தை முழுதாக மறுத்திருந்தார்.

ராஜநிந்தனை என்றால், அரசின் மேலும் அதிகாரிகளின் மேலும் மக்களுக்கு வெறுப்பு வரும்படி எழுதுவது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தில் அது குற்றம். எழுதியது உண்மை என்றாலும் தப்பிக்க முடியாது. உண்மையாக இருந்தால் வெறுப்பு இன்னும் கூடுமே என்பது அவர்கள் தர்க்கம்! இது நமக்கும் புதிதல்ல. இதே ஆங்கிலச் சட்ட வம்சத்தில் வந்ததுதான் இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த ராஜதுரோகப் பிரிவு, 124-ஏ. செங்கர் வழக்கில் எழுத்துக்குப் பின்னால் இருந்தவர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் என்ற வழக்கறிஞர். கம்பி எண்ணியவர் அச்சகர். 1908-ல் 'இந்தியா' பத்திரிகைக்கு வழக்கு வந்தபோது பாரதி புதுச்சேரி போய்ச் சேர்ந்தார், ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் தண்டனை பெற்றார். பெயர் யாருடையதோ அவர் கழுத்துக்குத்தான் கயிறு என்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

சரி, லெவிக்கு வருவோம். ஆவணங்களை எடுத்துப் படிக்கப் படிக்க அவருக்கு வேறு ஒன்று தெரிந்தது. செங்கரை ஜூரி விட்டது உண்மை. சட்டம் இம்மியும் மாறவில்லை. 1769-ல் ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் எழுதிய சட்ட விளக்கம்தான் அமெரிக்க வழக்கறிஞர்களுக்கு வேதம். அதன்படி பத்திரிகைச் சுதந்திரம் என்றால் அச்சிடும் முன் தணிக்கை கிடையாது, அவ்வளவுதான். அச்சிட்ட பின் தண்டிக்கலாம். இதை அமெரிக்கர்கள் தூக்கி எறிந்தார்கள் என்பதற்கு 1791 வரை தெளிவான சான்று இல்லை என்றார் லெவி. அதோடு, அச்சகர்களை அதிகம் துன்புறுத்தியவர்கள் அரசரின் ஆளுநர்கள்கூட அல்ல, மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றங்கள்தான் என்றும் காட்டினார். உரிமை மீறல் என்று சொல்லிக் கூப்பிட்டு உள்ளே போட்டுவிடுவார்கள். 1722-ல் மாசசூசெட்ஸ் மன்றம் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அப்படித்தான் சிறை வைத்தது. அப்போது பத்திரிகையைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய பதினாறு வயதுத் தம்பி. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வாழ்க்கைக் கதையில் நாம் சிரித்துக்கொண்டே கடந்துபோகும் இடம் அது.

புரட்சி வந்ததும் நிலைமை மேம்பட்டதா என்றால், அதுவும் இல்லை. 1775 நவம்பரில் ஐசக் சியர்ஸ் என்பவர் கனெக்டிகட்டிலிருந்து குதிரைக்காரர்களோடு நியூயார்க்கில் புகுந்து, ஜேம்ஸ் ரிவிங்டனின் அச்சுக்கூடத்தை நொறுக்கி எழுத்துருக்களை அள்ளிக்கொண்டு போனார். ரிவிங்டன் செய்த குற்றம் மன்னர் பக்கத்து நியாயத்தை அச்சிட்டது. நொறுக்கியவர்கள் 'சுதந்திரத்தின் பிள்ளைகள்' என்று தங்களை அழைத்துக்கொண்ட புரட்சிக்காரர்கள்.

அறிக்கையைப் பார்த்ததும் அமைப்புக்குப் பிடிக்கவில்லை. பேச்சு, பத்திரிகை பற்றிய பகுதியை வெளியிட மறுத்துவிட்டார்கள். அமைப்பின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ். அவரே பத்து ஆண்டுக்கு முன் பத்திரிகைச் சுதந்திரத்துக்கான புகழ்பெற்ற ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் என்பதுதான் வேடிக்கை. லெவிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒதுக்கப்பட்ட பகுதியை விரித்து 1960-ல் புத்தகமாகவே போட்டார். தலைப்பு 'லெகசி ஆஃப் சப்ரெஷன்', அதாவது அடக்குமுறையின் மரபு. தன் சொந்த விருப்பங்களுக்கே எதிரான முடிவுக்கு வந்திருக்கிறேன் என்று முன்னுரையில் எழுதினார். அவர் தாராளவாதி, பத்திரிகைச் சுதந்திரத்தின் பக்கம் நிற்பவர். ஆவணம் வேறு பக்கம் இழுத்தது.

அவர் வாதத்தின் இரண்டாம் பாதி இன்னும் சுவையானது. 1791-ல் பிறக்காத சுதந்திரக் கொள்கை பின்னே எப்போது பிறந்தது? 1798-ல், அடி வாங்கியபோது. அந்த ஆண்டு ஜூலை 14 அன்று ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் கையெழுத்திட்ட ராஜநிந்தனைச் சட்டம், அரசையோ காங்கிரசையோ ஜனாதிபதியையோ பொய்யாகத் தூற்றி எழுதினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம் என்றது. துணை ஜனாதிபதியைப் பற்றிச் சட்டத்தில் பேச்சே இல்லை. அந்தப் பதவியில் இருந்தவர் எதிர்முகாம் தாமஸ் ஜெபர்சன். அவரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்!

வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயனுக்கு நாலு மாதம் சிறை, 1,000 டாலர் அபராதம். மனிதர் சிறையில் இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார். நியூஜெர்சியின் நியூவார்க்கில் ஜனாதிபதி கடந்துபோகும்போது பீரங்கி மரியாதை நடக்க, குடித்திருந்த லூதர் பால்ட்வின், குண்டு அவருடைய பின்புறத்தில் பாய்ந்தாலும் கவலையில்லை என்ற பொருளில் ஏதோ சொல்லி மாட்டிக்கொண்டார். இப்படி வழக்குகள் பெருகப் பெருகத்தான், அரசைத் திட்டுவது குற்றமே அல்ல என்று எதிர்தரப்பு முதல்முறையாக முழுமூச்சாக எழுத ஆரம்பித்தது. ட்யூனிஸ் வோர்ட்மன் 1800-ல் ஒரு நூலே எழுதினார். அதே ஆண்டு வர்ஜீனியா மன்றத்துக்காக ஜேம்ஸ் மாடிசன் எழுதிய அறிக்கை இன்றும் மேற்கோளாகிறது. ஆக, கொள்கை முதலில், வழக்கு பிறகு என்ற வரிசையை லெவி தலைகீழாக்கினார்.

இதற்குக் கிடைத்த வரவேற்பை யோசித்துப் பாருங்கள். உச்ச நீதிமன்றத்தில் ஹியூகோ பிளாக் போன்ற நீதிபதிகள், எந்தச் சட்டமும் கூடாது என்றால் கூடாதுதான் என்று நின்றுகொண்டிருந்த காலம். எதிரி கையில் கத்தியைக் கொடுத்துவிட்டாரே என்று பலர் வருந்தினார்கள். ஆனால் நடந்தது வேறு. 1960 மார்ச் 29 அன்று நியூயார்க் டைம்ஸில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அலபாமாவின் மாண்ட்கோமரி நகர ஆணையர் சல்லிவன் அவதூறு வழக்குப் போட, அங்குள்ள ஜூரி 5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 1964-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முதல் திருத்தத்தின் மையப் பொருள் நாட்டின் மனதில் உருத்திரண்டது 1798-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்த அந்தப் பெரிய வாதத்தில்தான் என்று தீர்ப்பு சொன்னது. சொன்ன இடத்தில் சான்றாகக் காட்டப்பட்ட நூல்களில் ஒன்று லெவியுடையது. பத்திரிகைச் சுதந்திரத்தைக் கவிழ்த்துவிடும் என்று பயந்த புத்தகம், அதற்குக் கிடைத்த மிகப் பெரிய வெற்றியில் ஒரு வரியாக உட்கார்ந்துகொண்டது.

நடுவே 1963-ல் ஜெபர்சனின் இருண்ட பக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு நூல். இது இன்னும் பலரைக் கோபப்படுத்தியது. அரசாங்கம் இருந்து பத்திரிகை இல்லாமல் போவதா, பத்திரிகை இருந்து அரசாங்கம் இல்லாமல் போவதா என்றால் இரண்டாவதையே ஏற்பேன் என்று 1787-ல் எழுதிய ஜெபர்சனைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே மனிதர் ஜனாதிபதியான பிறகு, 1803-ல் பென்சில்வேனியா ஆளுநர் மெக்கீனுக்கு எழுதிய கடிதத்தில், மிக மோசமான ஆட்கள் சிலர் மேல் வழக்குப் போட்டால் நல்ல விளைவு இருக்கும் என்று யோசனை சொல்கிறார். இதை மட்டும் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள் என்ற தோரணையில். நியூயார்க்கின் ஹட்சன் நகரில் 'தி வாஸ்ப்' என்ற குட்டிப் பத்திரிகை நடத்திய ஹாரி கிராஸ்வெல் மேல் ஜெபர்சன் கட்சிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வாஷிங்டனையும் ஆடம்ஸையும் திட்டுவதற்கு காலண்டர் என்ற எழுத்தாளருக்கு ஜெபர்சன் பணம் கொடுத்தார் என்று எழுதியது குற்றமாம். ஜெபர்சன் காலண்டருக்குப் பணம் கொடுத்திருந்தார்.

அப்புறம் லெவி வேறு பக்கம் போனார். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வற்புறுத்தக்கூடாது என்ற ஐந்தாம் திருத்தத்தின் தோற்றத்தைப் பற்றி எழுதி 1969-ல் வரலாற்றுக்கான புலிட்சர் பரிசு வாங்கினார். 1970-ல் கலிஃபோர்னியாவின் கிளேர்மான்ட்டுக்கு இடமாற்றம். இருபது ஆண்டு அங்கே. தெய்வ நிந்தனைச் சட்டங்களின் வரலாறு, அமெரிக்க அரசியல் சட்டத்துக்கான கலைக்களஞ்சியம் என்று வேலை நீண்டது.

இனிதான் நான் சொல்ல வந்த இடம். 1960 நூலுக்கு வந்த மதிப்புரைகளில் ஒரு குறை திரும்பத் திரும்ப வந்தது. ஐயா, நீங்கள் பத்திரிகைகளைப் பற்றிய சட்டத்தைப் படித்திருக்கிறீர்கள், தீர்ப்புகளைப் படித்திருக்கிறீர்கள், கொள்கை எழுதிய துண்டுப் பிரசுரங்களைப் படித்திருக்கிறீர்கள். பத்திரிகையைப் படித்தீர்களா?

பத்திரிகையில் என்ன இருந்தது? ஃபிலடெல்ஃபியாவின் 'அரோரா'வை எடுங்கள். ஆசிரியர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாஷ், பெரியவர் ஃபிராங்க்ளினின் பேரன். பதவியை விட்டுப் போகும் ஜார்ஜ் வாஷிங்டனை, தொலைந்தார் என்று கொண்டாடி வழியனுப்பிய பத்திரிகை அது. அடுத்து வந்த ஆடம்ஸைக் கிழவன், வழுக்கை, குருடன், நொண்டி, பொக்கை வாயன் என்ற ரகத்தில் வர்ணித்தது. ஜனாதிபதியின் மனைவி அபிகேல் ஆடம்ஸ் அதைப் படித்துக் கொதித்துப்போய் எழுதிய கடிதம் இருக்கிறது. ராஜநிந்தனைக்குத் தண்டனை உண்டு என்று நடுங்கும் ஊரில் வரும் எழுத்தா இது? புதுச் சட்டம் வரும்வரைகூடக் காத்திருக்காமல் 1798 ஜூனில் பாஷைக் கைது செய்தார்கள். ஜாமீனில் வந்தவர், வழக்கு நடக்கும் முன் செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். ஆனால் அதுவரை எழுதினாரே, வருஷக்கணக்காக.

லெவி மறுபடி உட்கார்ந்தார். இந்தமுறை பத்திரிகைகளோடு. 1985-ல் அதே புத்தகத்தைத் திருத்தி, பெரிதாக்கி வெளியிட்டபோது தலைப்பே மாறிவிட்டது: 'எமர்ஜன்ஸ் ஆஃப் எ ஃப்ரீ பிரஸ்', சுதந்திரப் பத்திரிகையின் தோற்றம். முன்னுரையில் தான் தவறியதை ஒப்புக்கொண்டார். சட்டத்தையும் கொள்கையையும் பார்த்தவன் நடைமுறையைப் பார்க்கவில்லை. அச்சகர்கள் அப்படி ஒரு சட்டமே இல்லாத மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்கள் என்றார். முதல் நூலை எழுதியதில், அறிக்கையை வெளியிட மறுத்த அந்த அமைப்பின் மீதிருந்த வன்மமும் கலந்திருந்தது என்பதைக்கூட மறைக்கவில்லை. புலிட்சர் வாங்கிய, அறுபதைத் தாண்டிய பேராசிரியர் தன்னைப் பிரபலமாக்கிய நூலைப் பற்றி இப்படி எழுதுவது எல்லாத் துறையிலும் அபூர்வம்.

முழுச் சரணாகதி என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் பற்றிய தன் வாதத்தை அவர் கடைசிவரை விடவில்லை. அரசியல் சட்டம் எழுதியவர்கள் ராஜநிந்தனைச் சட்டத்தை ஒழிக்க நினைத்ததற்குச் சான்று இல்லை என்பது 1985 நூலிலும் அப்படியே இருக்கிறது. எதிரணிக்கு இது போதவில்லை. நடைமுறை அவ்வளவு சுதந்திரமாக இருந்தால், 'பத்திரிகைச் சுதந்திரம்' என்று அன்று எழுதியவன் மனதில் இருந்ததும் அந்த நடைமுறைதானே, பிளாக்ஸ்டோனின் இலக்கணமா என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு லெவி சரியான பதில் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், முன்னுரையில் மாறிய அளவுக்கு உள்ளே மாறவில்லை என்று தோன்றும்.

அவர் போகாத இடங்களும் உண்டு. உங்களுக்கு ஆராய என்ன இருக்கிறது என்பதற்கு அவைதான் பதில். உதாரணத்துக்குத் தபால். 1792-ஆம் ஆண்டுத் தபால் சட்டம் ஒரு செய்தித்தாளை 100 மைல் வரை ஒரு சென்டுக்கு அனுப்பியது, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் ஒன்றரை சென்ட்தான். கடிதத்துக்கு 6 முதல் 25 சென்ட். அச்சகர்கள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் பிரதிகளுக்குக் கட்டணமே இல்லை. நாலு பக்க வாரப் பத்திரிகை நடத்தும் ஒரு சிற்றூர்க்காரர், வந்த பத்திரிகைகளை விரித்து வைத்து வெட்டி ஒட்டியே பக்கத்தை நிரப்பிவிடலாம். அரோராவின் வசவு காடு மேடு தாண்டிப் போனது இப்படித்தான். வழக்குப் பதிவுகளில் இது தெரியாது.

விளம்பரங்கள் இன்னொன்று. ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தந்தால் பரிசு என்ற அறிவிப்பு, சுதந்திரம் பற்றிய தலையங்கத்துக்கு அடுத்த பத்தியிலேயே கிடக்கும். அச்சகருக்கு அது காசு. 1827-ல் நியூயார்க்கில் கறுப்பினத்தவர் தாங்களே நடத்திய முதல் பத்திரிகையான 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' வந்தது. 1835-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அடிமை ஒழிப்புப் பத்திரிகைகளைத் தபால் நிலையத்திலிருந்து எடுத்துவந்து எரித்தார்கள். 1837-ல் இல்லினாயின் ஆல்டனில் எலைஜா லவ்ஜாய் தன் அச்சு இயந்திரத்தைக் காக்கப்போய்ச் சுடப்பட்டுச் செத்தார். இவர்களில் யாரையும் நிறுத்தியது 1798 மாதிரியான மத்தியச் சட்டம் அல்ல. லெவியின் கேள்வியை மட்டும் கையில் வைத்திருந்தால் இவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்றும் கேட்டீர்கள். பெரும்பாலும் குனிந்த தலையோடு. மாசசூசெட்ஸின் உஸ்டரில், ஐசையா தாமஸ் என்ற அச்சகர் 1812-ல் தொடங்கிய அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டி இருக்கிறது. பழைய அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அதைவிட்டால் இடமில்லை என்பார்கள். அங்கே நூலகராக இருந்த கிளாரன்ஸ் பிரிகாம் 1690 முதல் 1820 வரை வெளிவந்த 2,120 பத்திரிகைகளை, எந்த இதழ் எந்த நூலகத்தில் என்பது உட்பட, பட்டியல் போட்டு 1947-ல் வெளியிட்டார். அதுவே ஒரு மனிதனின் ஆயுள் வேலை. அக்காலத் தாள் கந்தல் துணிக் கூழில் செய்தது. நூறு வருஷம் கழித்து வந்த மரக்கூழ்த் தாள் தொட்டால் பொடியும், இது பொடியாது. லெவி பாடம் நடத்திய வால்தமிலிருந்து உஸ்டர் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பழைய பத்திரிகைகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஏதாவது ஒரு ஊரின் பத்திரிகையை, ஒரே ஒரு ஆண்டு, முதல் இதழிலிருந்து கடைசி வரை விளம்பரம் விடாமல் படியுங்கள். தேடல் பெட்டியில் சொல்லைப் போட்டு அங்கங்கே எட்டிப் பார்க்காதீர்கள். எதைத் தேடுகிறீர்களோ அது மட்டும்தான் கிடைக்கும். ஜெபர்சனின் கடிதங்களையும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகத் தருகிறது. 1787 ஜனவரியில் எட்வர்ட் காரிங்டனுக்கு எழுதியது, 1803 பிப்ரவரியில் மெக்கீனுக்கு எழுதியது. முதலில் இரண்டாவதைப் படியுங்கள்.